வாய்க்கால் மேட்டில் எண்பத்தேழு

எண்பத்தேழு என்றால் எண்பத்தேழுதான், அதில் பேச என்ன இருக்கிறது என்று பிரபாவதி மூன்றாவது முறையாகத் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பேச ஒன்றுமில்லாத விஷயத்தை எதற்காக மூன்று முறை சொல்ல வேண்டும் என்று மட்டும் அவள் கேட்டுக்கொள்ளவில்லை. பள்ளிக்கூட வேன் காலியாக, தடதடவென்று, பொள்ளாச்சிக்குத் தெற்கே தோப்புகளைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. பிப்ரவரி மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, பிள்ளைகளுக்கு லீவு. பிள்ளைகள் இல்லையே தவிர வாசனை இருந்தது, க்ரீம் பிஸ்கட்டும் புளித்த தயிர்சாதமும் வியர்த்த சாக்ஸும் சேர்ந்து சீட்டுப் பஞ்சுக்குள் ஊறிய வாசனை, எத்தனை கழுவினாலும் போகாது. முன் சீட்டில் அவள், மடியில் மடிக்கணினி, அதிலிருந்து ஒரு கம்பி டாஷ்போர்டில் ஒட்டியிருந்த கறுப்பு டப்பாவுக்குப் போயிற்று. அந்த டப்பாவைச் செய்தவள் அவள்தான். ஸ்டியரிங்கில் சென்னியப்பன், ஐந்தாம் எண் வேனைப் பதினாறு வருஷமாக ஓட்டுகிறவர், கிளம்பியதிலிருந்து வாயைத் திறக்காமல் வந்தார். வாய்க்கால் மேட்டு ரோட்டில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இவர் எண்பத்தேழு கிலோமீட்டர் வேகத்தில் போகிறார் என்று அந்த டப்பா சொல்லியிருந்தது. ஏதோ ஒரு நாள் தவறிச் சொன்னது அல்ல, பொங்கல் லீவு முடிந்த நாலு வாரத்தில் பதினோரு தடவை. தாளாளர் புதன்கிழமையே கடிதம் தயார் செய்துவிட்டார். அதிவேகமாக ஓட்டியதை ஒப்புக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால் வேனிலிருந்து இறக்கி கேட்டில் வாட்ச்மேனாக வைத்துக்கொள்வார்கள். போடாவிட்டால் இன்றோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். போட மாட்டேன் என்றார் சென்னியப்பன். "மிஷினைச் செஞ்ச டீச்சரே ஒரு நடை என்கூட வரட்டுமுங்க. கண்ணால பார்த்துட்டு அவங்க சொல்லட்டும்" என்றார். சரி, உன் பொய்யை உன் வண்டியிலேயே உட்கார்ந்து உடைக்கிறேன் பார் என்கிற வீம்பில் பிரபாவதியும் ஏறிவிட்டாள். பத்தரை மணிக்குத் தாளாளர் ஆபீசில் இருப்பார். இப்போது மணி ஒன்பது நாற்பது.

டப்பா தப்பாகச் சொல்லாது. அதற்குள் மாயமும் மந்திரமும் ஒன்றும் இல்லை, அதுதான் அவளுக்கு அதில் பிடித்ததே. தீப்பெட்டி அளவில் ஒரு ஜிபிஎஸ் பலகை, அதன் தலையில் சதுரமாக ஒரு ஆண்டெனா, பக்கத்தில் கணக்குப் போடுகிற சின்ன போர்டு, அதற்குப் பக்கத்தில் சிம் கார்டு செருகிய இன்னொரு பலகை. மூன்றையும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து விரலைச் சுட்டுக்கொண்டு ஈயம் பற்றவைத்தாள், வலது கை ஆள்காட்டி விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது, இதோ. ஜிபிஎஸ் பலகை விநாடிக்கு ஒரு தடவை ஒரு வரி எழுதித் தரும், இப்போது மணி இது, நான் இருக்கிற இடம் இது என்று. போன வரியில் எங்கே இருந்தோம், இந்த வரியில் எங்கே இருக்கிறோம், நடுவில் எத்தனை மீட்டர், அவ்வளவுதான் வேகம். தூரத்தை நேரத்தால் வகு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் போடும். அந்தப் பலகை தன் பங்குக்கு ஒரு வேகத்தையும் சேர்த்தே எழுதித் தந்தது, ஆனால் முதல் நாளே அதன் லட்சணம் தெரிந்துபோயிற்று. ஸ்கூட்டரில் நாற்பதில் போகும்போது அது இருபத்தொன்று புள்ளி ஆறு என்றது. மலிவுச் சரக்கு, அதை நம்பி வேலைக்காகாது, நானே போட்டுக்கொள்கிறேன் என்று அதை ஒதுக்கிவிட்டுத் தன் கணக்கை எழுதினாள். ஸ்கூட்டரின் முள் நாற்பது என்றால் அவள் கணக்கும் நாற்பது என்றது, முப்பது என்றால் முப்பது. அன்றைக்கு வீட்டுத் தெருவில் மூன்று சுற்று சுற்றினாள், எதிர்வீட்டு அம்மா ஸ்கூட்டர் பழகறீங்களா என்று கேட்டது, ஆமாங்க என்று சொல்லிவிட்டு நாலாவது சுற்றும் சுற்றினாள். அப்படிச் சந்தோஷமாக அவள் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

பதினோரு வருஷம். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டுப் பதினோரு வருஷமாக லேப் அசிஸ்டென்ட், ப்ரிசத்தைத் துடைத்து வைப்பது, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கெமிஸ்ட்ரி லேபில் ஆள் வராத நாளில் பீக்கர் கழுவுவது. பிள்ளைகளும் டிரைவர்களும் டீச்சர் என்று கூப்பிடுவார்கள், டீச்சர்கள் கூப்பிட மாட்டார்கள். ஸ்டாஃப் ரூமில் அவளுக்கு நாற்காலி கிடையாது, போனால் நின்றுகொண்டு பேச வேண்டும். டப்பா செய்கிறாள் என்று தெரிந்ததும் கெமிஸ்ட்ரி சார் தினமும், ராக்கெட் விட்டாச்சுங்களா மேடம், என்று கேட்டு நாலு பேரைச் சிரிக்க வைப்பார். வீட்டில் புருஷன் அதை டப்பா என்றுதான் சொன்னார், சொல்லிச் சொல்லி அவளுக்கே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அத்தனைக்கும் பதில் குடியரசு தின விழாவில் கிடைத்தது. தாளாளர் மைக்கைப் பிடித்து, நம்ம பள்ளிக்கூடத்து வேன் எல்லாத்துலயும் வேகக் கண்காணிப்புக் கருவி, வெளியில வாங்கலீங்க, நம்ம பிரபாவதி மேடமே செஞ்சது, என்றார். மேடையில் ஏறும்போது புடவை முந்தானை செருப்பில் மாட்டியதுகூட அவளுக்கு மறக்கவில்லை. கெமிஸ்ட்ரி சாரும் கை தட்டினார், தட்டித்தான் ஆக வேண்டும். வர்ற ஜூன்ல நீங்க ப்ளஸ் ஒன் எடுக்கறீங்க, ஆர்டர் போட்டர்லாம், என்று தாளாளர் கீழே இறங்கியதும் சொன்னார். ஜூனுக்கு இன்னும் நாலு மாசம். நாலு மாசம் டப்பா ஒழுங்காக நின்றால் போதும். ஒரு டிரைவர் வந்து என் வண்டி அவ்வளவு வேகம் போகவே போகாது என்பாராம், உடனே நாம் பயந்துகொள்ள வேண்டுமாம். எந்தத் திருடன் நான் திருடினேன் என்றான்? இப்படி நினைத்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதரைத் திருடன் என்று நினைத்துவிட்டோமே என்று சங்கடமாக இருந்தது. திரையை இன்னும் குனிந்து பார்த்தாள்.

அவர் பேசினால் தேவலை. புதன்கிழமை ஆபீசில் அந்தக் கடிதத்தை நீட்டியபோதும் அவர் சத்தம் போடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் படித்தார், நிதானமாக, படித்து முடிக்கிற வரைக்கும் தாளாளரையும் அவளையும் காக்க வைத்துப் படித்தார். "நான் ஓட்டாத வேகத்துக்கு நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது" என்றார். சேட்டிலைட் பார்த்துச் சொல்லுதுண்ணா, அதுக்கு உங்க மேல என்ன கோபம், என்று பிரபாவதிதான் சொன்னாள். தாளாளர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் தானும் சேர்ந்துகொண்டதை நினைத்தால் இப்போது காது சுடுகிறது. ஏன் சுட வேண்டும்? சரியாகத்தானே சொன்னாள்? ரோட்டின் இரண்டு பக்கமும் தென்னை அடர்ந்துவிட்டது. நார் மில் ஒன்றைத் தாண்டினார்கள், ஊறப்போட்ட மட்டையின் அழுகல் நெடி வேனுக்குள் வந்து தயிர்சாத வாசனையோடு கலந்தது. மயில் ஒன்று ரோட்டைக் கடந்தது. சென்னியப்பன் வண்டியை நிறுத்தியே விட்டார். அது ஆற அமர நடந்து வேலிக்குள் போகிற வரைக்கும் காத்திருந்து, பிறகு முதல் கியர் போட்டார். நாடகம், என்று பிரபாவதிக்குத் தோன்றியது. நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று செய்கிற நாடகம். ஆனால் இவர் வேன் தினமும் பத்து நிமிஷம் பிந்தி வருகிறது என்று அம்மாக்கள் புகார் சொல்வார்களே, பிள்ளைகள் இந்த வேனுக்கு மாட்டு வண்டி என்று பேர் வைத்திருக்கிறார்களே, எண்பத்தேழில் போகிற ஆள் எப்படிப் பிந்துவார் என்கிற கேள்வி அவளிடம் பொங்கலிலிருந்தே இருந்தது. இருந்ததை அவள் எடுத்துப் பார்க்கவில்லை. வழியில் டீ குடிக்க நிறுத்துவாராக இருக்கும், அந்த நேரத்தைப் பிடிக்க விரட்டுவாராக இருக்கும் என்று தனக்கே ஒரு கதை கட்டி வைத்துக்கொண்டாள்.

"வாய்க்கால் மேடு வந்துருச்சுங்க டீச்சர்" என்றார் அவர், முதல் தடவையாக. ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் தோப்பு, நடுவில் ஒரு வண்டி போகிற அகலத்துக்குத் தார். மேலே மட்டைகள் கூடிக்கொண்டு வெயில் பட்டை பட்டையாக விழுந்தது, திரையில் ஒரு வரி தெரியும், ஒரு வரி மறையும். பிரபாவதி நிமிர்ந்து ஸ்பீடாமீட்டரைப் பார்த்தாள். முள் முப்பதுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. திரையில் அவளுடைய கணக்கு இருபத்தொன்பது என்றது. சரி, இரண்டும் ஒத்துப்போகிறது. "முள்ளு சரியாக் காட்டுதுங்ளா உங்க வண்டில?" என்று கேட்டாள், வேண்டுமென்றே. "முள்ளை நம்ப வேண்டாமுங்க" என்றார் அவர், கோபமில்லாமல். "அந்தா கல்லு நட்டிருக்குது பாருங்க, இருநூறு மீட்டருக்கு ஒண்ணு. உங்க வாட்ச்ல பார்த்துக்கங்க." பார்த்தாள். ஒரு குட்டிக் கல்லிலிருந்து அடுத்த குட்டிக் கல்லுக்கு இருபத்தைந்து விநாடி. இருநூறை இருபத்தைந்தால் வகுத்தால் எட்டு, விநாடிக்கு எட்டு மீட்டர், மணிக்கு இருபத்தொன்பது கிலோமீட்டர். கல், முள், டப்பா மூன்றும் ஒன்றையே சொன்னன. அவளுக்குள் ஏதோ ஒன்று சப்பென்று போன மாதிரியும் நிம்மதியான மாதிரியும் இருந்தது. டப்பா சரி, அப்படியானால் மற்ற நாளில் இவர் விரட்டியதும் சரி. அவ்வளவுதான், திரும்பிப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அப்போது திரை எண்பத்தேழு என்றது. இருபத்தொன்பது, இருபத்தொன்பது, எண்பத்தேழு, இருபத்தொன்பது. வண்டி அசையவில்லை. அதாவது, அதே மாதிரிதான் போய்க்கொண்டிருந்தது. முதுகு சீட்டில் அழுந்தவில்லை, டாஷ்போர்டில் இருந்த தண்ணீர் பாட்டில் நகரவில்லை, வாய்க்கால் கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்கவில்லை. எண்பத்தேழில் ஒரு வேன் போனால் அந்தப் பெண் எழுந்து ஓடியிருப்பாள். முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல். சேட்டிலைட் கொஞ்சம் தடுமாறியிருக்கும், மட்டைகள் மறைத்திருக்கும், ஒரு தடவை, போகட்டும். ஆனால் எண்பத்தேழு. இருபத்தொன்பதை மூன்றால் பெருக்கினால் எண்பத்தேழு. தடுமாற்றம் இப்படிச் சுத்தமாக, மூன்றால் பெருக்கிக்கொண்டு வராது. தடுமாற்றம் என்றால் நாற்பத்தொன்று வரும், பன்னிரண்டு வரும், அலங்கோலமாக வரும். இது யாரோ கணக்குப் போட்டு வைத்த எண். யார் போட்டார்கள்? திரையை மேலே தள்ளி அந்த இடத்துக்குப் போனாள். பலகை எழுதித் தந்த வரிகளில் நேரம் இருக்கிறது, லண்டன் நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால், ஆனால் விநாடிக்கு ஊர் ஏது. பதினைந்து, பதினாறு, பதினேழு, இருபது. விரலை வைத்து மறுபடி எண்ணினாள். பதினேழு, இருபது. பதினெட்டையும் பத்தொன்பதையும் காணோம்.

"அண்ணா, ஓரமா நிறுத்துங்க" என்றாள். அவர் நிறுத்தினார். காணாமல் போன இரண்டு விநாடி எங்கே போகும்? ஜிபிஎஸ் பலகை விநாடி தவறாமல் பேசும், அது பேசியிருக்கும். கைபேசியை எடுத்துப் பார்த்தாள், ஒரே ஒரு கோடு, அதுவும் போய்ப் போய் வந்தது. தோப்புக்குள் டவர் இல்லை. அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை டப்பா சேர்த்த கணக்கையெல்லாம் சிம் வழியாக அனுப்ப வேண்டும். அவள் வீட்டுத் தெருவில் அது கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். இங்கே சிம் பலகை டவரைத் தேடி ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டு நிற்கும், அது முடிகிற வரைக்கும் அவள் எழுதிய நிரல் வேறெதையும் காதில் வாங்காது. அதற்குள் வந்த வரிகள் நிரம்பி வழிந்து போய்விடும். பதினேழாவது விநாடிக்குப் பிறகு அது கேட்ட அடுத்த வரி இருபது. மூன்று விநாடியில் போன தூரத்தை எடுத்து ஒரு விநாடியால் வகுத்துவிட்டது. ஏன் ஒன்றால்? ஏனென்றால் நேரம் ஒன்று என்று அவள்தான் எழுதி வைத்தாள். அந்த வரியை எழுதின சாயங்காலம் அப்படியே வந்து நின்றது, குக்கர் இரண்டாவது விசில் அடித்தது, மூன்றாவதற்கு எழுந்து போக வேண்டும், விநாடிக்கு ஒரு வரி வருகிறது, அப்புறம் இதற்கு நேரத்தை எதற்கு ஒவ்வொரு தடவையும் கழித்துப் பார்ப்பது, ஒன்று என்று போட்டால் ஆயிற்று. போட்டுவிட்டு எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். ஒவ்வொரு வரியிலும் மணி எழுதியிருந்தது. படித்திருந்தால் போதும். அது சொல்லிக்கொண்டேதான் இருந்தது, கேட்காமல் இருந்தவள் இவள்.

இல்லை, ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு கட்டக் கூடாது, இயற்பியல் படித்தவள். "ஒருக்கா திருப்பி வரலாமுங்ளாண்ணா?" என்றாள். பாலத்தருகே திருப்பி அதே ரோட்டில் வந்தார்கள். அதே இருபத்தொன்பது. ஒரு இடத்தில் ஐம்பத்தெட்டு என்றது, ஒரு விநாடி தொலைந்திருந்தது. இன்னொரு இடத்தில் எண்பத்தேழு, இரண்டு விநாடி தொலைந்திருந்தது. ஐம்பத்தெட்டுகளும் அறிக்கையில் நிறைய உண்டு, அவை இவர் கொஞ்சம் அடக்கி ஓட்டிய நாட்கள் என்று அவள் நினைத்திருந்தாள். "இப்ப ஒரே ஒரு தடவை, கொஞ்சம் வேகமாப் போறீங்ளா, நாப்பதுல? பார்க்கணும்." சென்னியப்பன் இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார். "முப்பதுக்கு மேல இந்த ரோட்டுல போக மாட்டனுங்க டீச்சர். சோதனைக்குன்னாலும் போக மாட்டனுங்க. நார் மில்லுக்காரங்க குழந்தைகள கரையில விட்டுட்டு வேலைக்குப் போவாங்க." தன் பிழைப்பு போகிற நேரத்தில்கூட அந்த மனிதர் நாற்பதைத் தொட மாட்டாராம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது, ஏனென்றால் அவர் போகாவிட்டாலும் கணக்குப் போகும். நாற்பதை மூன்றால் பெருக்கினால் நூற்றிருபது. நூறுக்கு மேல் எது வந்தாலும் அது குப்பை, தள்ளிவிடு என்று இன்னொரு வரி எழுதி வைத்திருக்கிறாளே, வேன் நூறில் போகாது என்கிற புத்திசாலித்தனத்தில். அப்படியானால் ஐம்பத்தைந்தில் பறக்கிறவனுக்கு ஒரு விநாடி தொலைந்தாலே நூற்றுப்பத்தாகிக் குப்பைக்குப் போய்விடும், மிஞ்சுகிற ஐம்பத்தைந்து அறிக்கையின் அறுபது எல்லைக்குள் அடங்கிவிடும். ஏழாம் எண் வேனும் இதே ரோட்டில்தான் வருகிறது. மனோகரன் ஓட்டுகிறான், திருப்பத்தில் ஹாரனை அமுக்கியபடியே பறக்கிற ஆள், எல்லோருக்கும் தெரியும். அவன் அறிக்கை பொங்கலிலிருந்து படு சுத்தம். போன வாரம் அவனுக்குப் பாதுகாப்பான ஓட்டுநர் என்று சான்றிதழ் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள், அவளும் அந்தப் போட்டோவில் நிற்கிறாள். வேகமாகப் போகிறவனை ஒளித்து வைத்துவிட்டு, மெதுவாகப் போகிறவரைப் பிடித்துக் கொடுக்கிற டப்பா. அதை அவள் செய்தாள். இத்தனை மெதுவாகப் போகாமல் இருந்திருந்தால் சென்னியப்பன் மாட்டியிருக்கவே மாட்டார்.

தோப்பு முடிந்து வெயில் ஒரேயடியாகக் கண்ணில் அடித்தது. கண்ணை மூடினால் மூடின கண்ணுக்குள் அந்த வரிகள் ஓடின. ஒவ்வொரு வரியிலும் அவள் ஒதுக்கி வைத்த அந்த இன்னொரு எண்ணும் இருந்தது, பலகையே சொல்கிற வேகம், மலிவுச் சரக்கின் வேகம். பதினைந்து புள்ளி ஏழு, பதினைந்து புள்ளி ஆறு, பதினைந்து புள்ளி ஏழு. எண்பத்தேழு வந்த இடத்திலும் அது பதினைந்து புள்ளி ஏழு. ஆடவே இல்லை. ஆடாத எண் எப்படிப் பொய்யாகும்? இருபத்தொன்பதை அதால் வகுத்தாள், ஒன்று புள்ளி எட்டு ஐந்து. அன்றைக்கு ஸ்கூட்டரில் நாற்பது, அது சொன்னது இருபத்தொன்று புள்ளி ஆறு, வகுத்தால் ஒன்று புள்ளி எட்டு ஐந்து. ஒரு கடல் மைல் என்பது ஒன்று புள்ளி எட்டு ஐந்து கிலோமீட்டர், ப்ளஸ் டூ புத்தகத்தின் பின்னட்டைப் பட்டியலில் இருக்கிறது, அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டவளே அவள்தான். கப்பல்காரர்களின் கணக்கில் அது சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது, முதல் நாளிலிருந்து, தூரத்தைக் கழித்து வகுத்து எதுவும் செய்யாமல், விநாடி தொலைந்தாலும் கெடாமல். ஒரு பெருக்கல் போதுமாக இருந்தது. எனக்கு எல்லாம் தெரியும், நானே போட்டுக்கொள்கிறேன் என்று ஒதுக்கினாள். ஸ்டாஃப் ரூமில் நாற்காலி கொடுக்காதவர்கள் மேல் இருந்த ஆத்திரத்தை ஒரு தீப்பெட்டிப் பலகை மேல் காட்டியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. தனியாக இருந்திருந்தால் அழுதிருப்பாள்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்புகிற வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சென்னியப்பன் இன்ஜினை அணைத்தார். கைபேசியில் கோடுகள் நிறைந்ததும் காத்திருந்த மாதிரி மணி அடித்தது, தாளாளர். "சொல்லுங்க மேடம், முடிஞ்சுதுங்களா?" "முடிஞ்சுதுங்க சார். என் கருவிதான் தப்புங்க. அண்ணா மேல ஒண்ணுமில்லீங்க." "அவரு பக்கத்துல இருக்காருங்களா?" "இருக்காருங்க." "அப்ப நீங்க பேச வேண்டாம். நான் சொல்றத மட்டும் கேளுங்க" என்றார் அவர், தணிவாக, பிரியமாகக்கூட. முந்நூறு பெற்றோருக்கு அறிக்கை போயிருக்கிறது. இப்போது போய் மிஷின் தப்பு என்றால் இத்தனை நாள் அனுப்பினதெல்லாம் என்ன என்று கேட்பார்கள், பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்காரன் காது குளிரக் கேட்பான். திங்கட்கிழமைக்குள் சத்தமில்லாமல் சரிபண்ணிவிடுங்கள். சென்னியப்பனை ரோட்டில் விட மாட்டேன், கேட்டில் உட்கார வைத்துச் சோறு போடுகிறேன், கையெழுத்து மட்டும் வாங்கிக் கொடுங்கள், நீங்கள் சொன்னால் போடுவார். "உங்க ஆர்டர் டைப் ஆயிட்டிருக்குதுங்க மேடம். திங்கக்கிழமையே கையில தந்தர்றேன்." வைத்துவிட்டார்.

கேட்டில் உட்கார வைத்துச் சோறு. அப்படி ஒன்றும் மோசமில்லையே, என்று முதலில் தோன்றியது, தோன்றவில்லை என்று சொன்னால் பொய். வயசும் ஐம்பத்தாறு ஆகிறது, நிழல், மின்விசிறி, வெயிலில் ஓட்ட வேண்டியதில்லை. டப்பா திங்கட்கிழமை சரியாகிவிடும், மனோகரனும் மாட்டுவான், யாருக்கு நஷ்டம்? அவள் டீச்சராகிவிடுவாள், கெமிஸ்ட்ரி சார் நாற்காலியை இழுத்துப் போடுவார். தினமும் காலையில் கேட் வழியாக உள்ளே போவாள். சென்னியப்பன் ஸ்டூலிலிருந்து எழுந்து, வணக்கமுங்க டீச்சர், என்பார். சொல்லுவார், அவர் சொல்லக்கூடியவர்தான், எதையும் மனசில் வைக்காத மாதிரி சொல்லுவார். அவள் வணக்கம் என்பாள். இப்படி வருஷத்துக்கு இருநூற்றிருபது நாள். வேண்டாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் முள்மேல் உட்கார்ந்த மாதிரிதான். என்ன செய்துவிடுவார்கள்? ஆர்டர் தர மாட்டார்கள், பதினோரு வருஷமாகத் தராததுதானே. பீக்கர் கழுவுகிற வேலையைப் பிடுங்குவார்கள், பிடுங்கட்டும், கழுவி எனக்கும் கை புண்ணாகிவிட்டது. ராக்கெட் கவுந்துருச்சுங்களா மேடம் என்று கேட்பார்கள், ஆமாம் கவிழ்ந்துவிட்டது, உங்களில் எவன் ராக்கெட் விட்டான், கவிழ்வதற்கு? தப்புக் கணக்குப் போட்டேன், போட்டவள் நான், கண்டுபிடித்தவளும் நான். அதை ஒளித்து வைக்கச் சொல்ல இவர் யார்? பேச வேண்டாமாம், கேட்டுக்கொள்ள வேண்டுமாம். கேட்காமல் விட்டு நான் பட்டதே போதும், இனிமேல் பேசுகிறேன். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வேக அறிக்கை போடுகிற பெற்றோர் குழுவைக் கைபேசியில் திறந்தாள். அந்தக் குழுவில் எழுத முடிகிறவர்கள் தாளாளரும் அவளும் மட்டும்தான். எழுதினாள்.

எழுதி முடித்து அனுப்புவதற்கு முன் அவருக்குப் படித்துக் காட்டினாள், அவரிடம் இருப்பது பொத்தான் போன். "பெற்றோர்களுக்கு வணக்கம். ஐந்தாம் எண் வேன் எண்பத்தேழு கிலோமீட்டர் வேகத்தில் போனதாக நான் அனுப்பிய அறிக்கை தவறு. வேன் போனது இருபத்தொன்பதில். கருவியைச் செய்தவள் நான், கணக்கில் பிழை செய்தவளும் நான். ஓட்டுநர் சென்னியப்பன் மேல் எந்தத் தவறும் இல்லை. பொங்கலுக்குப் பிறகு எந்த வேனுக்கும் நான் அனுப்பிய எந்த அறிக்கையையும் நம்ப வேண்டாம். பிரபாவதி, இயற்பியல் ஆய்வக உதவியாளர்." ஆய்வக உதவியாளர் என்பதை எழுதும்போது மட்டும் ஒரு கணம் யோசித்திருந்தாள். அனுப்பும் பொத்தானை அமுக்கினாள். ரயில் போயிற்று, கேட் தூக்கினார்கள், பின்னால் பைக்குகள் ஹாரன் அடித்தன. சென்னியப்பன் சாவியைத் தொடவில்லை. முன்னால் பார்த்தபடியே இருந்தார். நன்றி சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. "நாலு நாளா எம் பொண்ணு எங்கூடப் பேசலீங்க" என்றார். "அவ குழந்தையும் இந்த வண்டியிலதான் வருது. இதப் புதன்கிழமையே நீங்க வந்து பார்த்திருக்கலாமுங்க டீச்சர்." "பார்த்திருக்கணுமுங்ணா" என்றாள்.

கைபேசி அடித்தது. தாளாளர் பெயர். பிரபாவதி எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, இரண்டு பேருக்கும் நடுவில் கியர் கம்பிக்கு மேலே பிடித்துக்கொண்டாள். "மேடம், என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க? யாரு சொல்லிப் போட்டீங்க இதை?" "யாரும் சொல்லலீங்க சார்." "இன்னும் ஏழெட்டுப் பேருதான் பார்த்திருக்காங்க. உடனே அழிச்சிருங்க, தெரியாமப் போட்டுட்டீங்கன்னு நான் சொல்லிக்கறேன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." பின்னால் ஒருவன் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே சுற்றிக்கொண்டு போனான். சென்னியப்பன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழுவில் எழுத முடியாத பெற்றோர்கள் அவளுக்குத் தனியாக அனுப்பிய செய்திகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன, ஒன்று, மூன்று, ஆறு. "மேடம், லைன்ல இருக்கீங்களா? அழிச்சாச்சா?" பிரபாவதி கைபேசியை வாயருகே கொண்டுபோனாள், ஒரு எழுத்துக்கூடத் தொலைந்துவிடக் கூடாது என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "அழிக்க மாட்டேனுங்க சார்."